வழக்கமான சத்தம்

மலிவான பிரேக் பேட் என்றாலே மோசம் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சக்கரத்தைக் கழற்றக்கூடத் தெரியாது. கை இறுக்கமாக இருக்கும்போது மலிவானதை வாங்குவதில் தப்பே இல்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பேடின் முகத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதுகில் இருக்கிற இரும்போடு அது ஒட்டியிருக்கும் விளிம்பைப் பாருங்கள். அங்கே மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். மற்றபடி, பெட்டியின்மேல் அச்சடித்திருக்கிற பந்தயக் கார் படத்துக்குத்தான் நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும் ஐயா. காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருக்கிறீர்களே, அந்த இரண்டு சின்னத் தகடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போலீஸுக்காகப் பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை. இரண்டிலும் ஒரே இடுக்கியின் பல் தடம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நல்ல கண். அந்த இடுக்கி உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது, வேண்டுமானால் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். ஒன்று மட்டும், கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் என் மகள் படுத்திருக்கிறாள். இப்போதெல்லாம் பகலில்தான் அவளுக்குக் கொஞ்சம் கண் அசருகிறது.

நான் லாரிக் கம்பெனியில் பிரேக் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டை ஒட்டிய இந்தக் கொட்டகையில் அக்கம்பக்கத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி போனபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வேறு பிள்ளை கிடையாது. பள்ளி விட்டதும் நேரே நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிடுவாள். பிரேக் ஆயிலில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூட வேண்டும். அவள் கால் எட்டிய நாளிலிருந்து உள்ளே உட்காருகிற ஆள் அவள்தான். "அழுத்து" என்பேன். "பிடி" என்பேன். "விடு" என்பேன். நடுநடுவே அவள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருப்பாள். டீச்சருக்குக் கல்யாணம் என்பாள், பக்கத்து வீட்டுப் பூனை ஓடிப்போய்விட்டது என்பாள். நான் வண்டிக்கு அடியில் கிடந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். முகம் தெரியாது, குரல் மட்டும் மேலேயிருந்து வரும். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நேரங்களில்தான்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தங்கமான மனிதர். அவளே விரும்பித் தேர்ந்தெடுத்தாள், நானும் மனசாரத்தான் கட்டிக்கொடுத்தேன். வாடகை வீடு, பழைய கார், இரண்டு பேருக்கும் சின்னச் சம்பளம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை நாள் தூரம். முதல் தடவை பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தபோது, பட்டறைக்காரர் சொன்ன கூலியைக் கேட்டு மலைத்துப்போய் எனக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, அப்பா எதுக்கு இருக்கேன்? ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

அந்த முதல் பேடை நான் நல்ல எண்ணத்தோடுதான் வாங்கினேன். மலிவுதான், ஆனால் சுரண்டிப் பார்த்து, விளிம்பு பார்த்து வாங்கியது. அன்று மாப்பிள்ளை ஜாக்கி வைத்துத் தூக்கினார். நான் பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி, பின்களுக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டினேன். பேடின் முகத்தில் கிரீஸ் விரல்கூடப் படக்கூடாது. மாட்டிய பிறகு பெடல் கெட்டியாகும் வரை உள்ளே உட்கார்ந்து அழுத்த வேண்டும். அவள் ஏறி உட்கார்ந்து, "அழுத்தட்டுமாப்பா?" என்றாள். காற்று எடுக்கிற வேலை அன்று இல்லவே இல்லை. ஆனாலும் நான் கீழே படுத்துத் திருகில் ஸ்பானரை வைத்துக்கொண்டேன். "அழுத்து. பிடி. விடு." புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததை, மேலதிகாரி எரிந்து விழுவதை, மாப்பிள்ளை சமைத்துக் கருக்கிய பாத்திரத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தன் பழைய அறையில் போய் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அந்தக் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

அந்த பேட் கொஞ்சம் மிருதுவான சரக்கு, சீக்கிரம் தேய்ந்துவிட்டது. நல்ல பேடாக இருந்தால் அவள் அடுத்து எப்போது வந்திருப்பாளோ, தெரியாது. இது தேய்ந்ததால் மறுபடி வந்தாள். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை ஐயா, அது தானாகப் புத்தியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது, சுரண்டினால் தூள் உதிர்கிற பேடாகப் பார்த்து எடுத்தேன்.

கடைக்காரர் சிரித்தார். "என்னண்ணே, ஊரான் வண்டிக்கெல்லாம் பாத்துப் பாத்து வாங்குறீங்க, சொந்தப் பொண்ணு வண்டிக்கு இதையா?"

"சின்னஞ்சிறுசுங்க. செலவைப் பாக்கணும்ல" என்றேன்.

அது பொய்யும் இல்லை. எல்லாவற்றையும் அவர்களுடைய சிக்கனத்துக்காகத்தான் செய்தேன் என்று அப்போது நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தத் தகடு. பேடின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து தேய்ந்து முடியும் தறுவாயில் அது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கில் போய் உரசும். கிறீச்சென்று விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். ஓட்டுகிறவருக்கு அது எச்சரிக்கை. அடுத்த தடவை அவள் வர நெடுநாள் ஆகும்போல இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம், அவளுக்கும் விடுமுறை இல்லை. போனில் பேசினால் "ம்" கொட்டிக்கொண்டே யாருக்கோ பதில் சொல்வாள். அந்தத் தடவை பேடை மாட்டுகிறபோது, இடுக்கியால் தகட்டைப் பிடித்துக் கொஞ்சம் உள்பக்கமாக வளைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பேட் பாதி இருக்கும்போதே சத்தம் வரும். அதனால் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. சொல்லப்போனால், சீக்கிரமே எச்சரிக்கிறது கூடுதல் பாதுகாப்புதானே என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ப்பா, நீ போட்ட பிரேக்கு மறுபடியும் கத்துது" என்று போன் வந்தது. குரலில் நிஜமான பயம்.

"அப்படியா? உடனே கொண்டுவாம்மா. பிரேக்கு விஷயம், விளையாட்டு இல்ல" என்றேன்.

பறந்தடித்துக்கொண்டு வந்தாள். சக்கரத்தைக் கழற்றி, தகட்டை நேராக்கி, மாட்டுவதற்கு முன்னால் மறுபடி ஒரு சின்ன வளைவு கொடுத்துவிட்டேன். அவள் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்திக்கொண்டே தனக்குக் குழந்தை தங்காமல் போனதைச் சொன்னாள். போனில் என்னிடம் சொல்லாத விஷயம் அது. நான் கீழே கிடந்தேன். முகம் பார்க்காமல் இருந்ததால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "பிடி" என்று சொல்ல மறந்துவிட்டேன். அவளே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "விடட்டுமாப்பா?" என்று கேட்டாள். அந்தத் தகட்டை நான் வளைத்திருக்காவிட்டால் அவள் அந்தத் துக்கத்தை யாரிடம் போய் இறக்கி வைத்திருப்பாள்? நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற சக்கரம் வைத்த ஸ்டூல், அது மாப்பிள்ளை வாங்கித் தந்தது. "குந்திக் குந்தி உங்களுக்கு முட்டி வலிக்குதுன்னு அவ சொன்னா மாமா" என்று ஒரு நாள் கொண்டுவந்து வைத்தார். நன்றாக உருளும். வேலைக்கு ரொம்ப வசதி.

என் தப்பு, தகட்டை வளைத்ததில்கூட இல்லை, அடிக்கடி வளைத்ததில் இருக்கிறது. நாளாக நாளாக அவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிற்று. மாப்பிள்ளை அதற்கு 'மாமா விசில்' என்று பெயர் வைத்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவர்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா கேட்டைத் திறந்துவிடுவாராம். பெரிய வேடிக்கை. ஒரு தடவை மாப்பிள்ளை எனக்குச் சிரமம் வேண்டாமே என்று பக்கத்துப் பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "பேடு நல்லாத்தான் சார் இருக்கு. தகடு லேசா உரசுது. சத்தம்தான், வேற ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது அன்றைக்குச் சரி. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

"அது எப்பவும் கத்துறதுதானேப்பா. அடுத்த மாசம் வரேன்" என்பாள். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதமாகும். நான் அங்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டார்கள், போனேன். ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தட்டில் பலகாரம் வைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார்கள். என் பிள்ளை வீட்டில் நான் விருந்தாளி. கை சும்மா இருக்க, வாய்க்குப் பேச்சு வரவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டைக் காலி செய்கிறார்கள். ரயிலில் போனால்கூட ஒரு பகல், ஒரு இரவு. அவ்வளவு தூரத்திலிருந்து எந்த மகளும் பிரேக்கை மாட்டிக்கொள்ள அப்பாவிடம் வர மாட்டாள். அன்று கடைக்குப் போய், என் வாழ்நாளில் முதல்முறையாக விலையைக் கேட்காமல் ஒரு ஜோடி பேட் வாங்கினேன். கடையிலேயே உயர்ந்த சரக்கு. மலை ஏறி இறங்கப்போகிற வண்டி, நன்றாக மாட்டி அனுப்ப வேண்டும் என்று. பார்த்தீர்களா, நான் கெட்டவன் இல்லை. அந்தப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது, இடுக்கிக்கு மேல் தட்டில், பிரிக்காமல்.

மாப்பிள்ளை தனியாக வந்தார். சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போவது, வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவள் ரயிலில் போவது என்று ஏற்பாடு. போகிற வழியில் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். வண்டி கூரை வரை பாரம். தெருவில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நீங்களும் இந்த வேலை தெரிந்தவர். தகடு உரசினால் மெல்லிசான விசில் வரும். அன்று வந்தது அது மட்டும் அல்ல. விசிலுக்கு அடியில் கரகரவென்று கல் அரைக்கிற சத்தம். பேட் மொத்தமும் தேய்ந்து, முதுகிலிருக்கிற இரும்பே டிஸ்க்கைச் சுரண்டுகிற சத்தம் அது. பழகாத காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். நான் அந்தச் சத்தத்தை இத்தனை வருடம் கேட்டவன்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். நான் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜாக்கியை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன்.

"மாமா, சத்தம் இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு. அவ கிட்டச் சொன்னேன். 'விடுங்க, எங்கப்பா போட்ட பிரேக்கு எப்பவும் கத்தும்'னு சிரிக்கிறா. நீங்க ஒரு தடவை பாத்துடுறீங்களா?" என்றார்.

"பாத்துடலாம்" என்று எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன்.

அப்போது அவர் என் தோளைத் தொட்டு, "இதான் மாமா கடைசி. அங்க போனதும் நல்ல கடையா பாத்து, நல்ல பேடா போட்டுக்கிறோம். இந்த வயசுல வண்டிக்கடியில படுத்துக்கிட்டு... இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லையே வேணாம்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். என் முட்டிவலியை நினைத்துச் சொன்னார். ஆனால் நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். புது பேடை மாட்டினால் அவள் ஒரேயடியாகப் போய்விடுவாள், மாட்டாவிட்டால் போக மாட்டாள் என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. வேறு எதுவும் படவில்லை.

"வழக்கமா வர்ற சத்தம்தான் மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னை நம்பினார். பிரேக் விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். சமதரையிலேயே பெடல் இளகிவிடும், ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார், நான் புது பேடோடு பஸ் பிடித்துப் போவேன், பயணம் தள்ளிப்போகும், அவள் நான்கு நாள் இங்கே வந்து இருப்பாள் என்று நினைத்தேன். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் நீங்கள் அப்படிப் பார்க்கிறீர்கள். சரி. இறக்கத்தில், அவ்வளவு பாரத்தோடு, மிதித்துக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மெலிந்துபோன இரும்பு இடத்தைவிட்டு நழுவும். அதைத் தள்ளுகிற பிஸ்டன் எல்லை தாண்டி வெளியே வரும். ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். பிறகு பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நானே வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டி, பெரிய சாலையில் கலந்து மறையும் வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் கையில் போன் இருந்தது. அவர் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். கூப்பிட்டிருக்கலாம். ஜாக்கியை அதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, தரையைக் கூட்டினேன். தெரிந்துதான் அனுப்பினேன் ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மலை இறக்கத்தில் மூன்றாவது வளைவு என்றார்கள். அடையாளம் காட்ட நான்தான் போனேன், அவளை விடவில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தார். அன்று நான் அழுதது நடிப்பில்லை. ஒரு மகனைப் பெற்றிருந்தால் இப்படி ஒருவனைத்தான் பெற்றிருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடக்கிறாள். ஒரு வாய் ஊட்டினால் இரண்டு வாய் வேண்டாம் என்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான். "அவர் கேட்டாரு. சத்தம் பெருசா இருக்கேன்னு கேட்டாரு. நான்தான் விடுங்கன்னு சிரிச்சேன். நான்தான் கொன்னுட்டேன்." நேற்றுச் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, அன்னிக்கு உன் காதுலயுமா ஒண்ணும் தட்டுப்படல?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "உனக்கே தெரியலன்னா அவருக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று சொல்லி என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையில் தூங்கின மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

நான் வருகிறேன். சட்டை மாற்றிக்கொள்ளட்டுமா, இப்படியே வரட்டுமா? எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி என்பேன். ஒரே ஒரு உதவி. அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அப்பா காசை மிச்சம் பிடிக்கப் பார்த்து மட்டமான பேடைப் போட்டுவிட்டார், அதனால் அழைத்துப் போகிறோம் என்று சொல்லுங்கள். மலிவு பார்த்ததை அவள் மன்னித்துவிடுவாள். தான் சிரித்ததையும் நினைத்துக்கொள்வாள், நினைக்கட்டும். பாதிப் பழி தன்மேலும் இருக்கிறது என்று நினைக்கிற பெண்ணுக்கு அப்பாவை வெறுக்கத் தோன்றாது. அழுவாள், நாளாவட்டத்தில் ஆறிவிடும். நீங்கள் கொண்டுபோகிற இடத்தில் பார்க்க வருவதற்கு நாள் உண்டு என்கிறார்களே. நடுவில் கம்பி வலை இருக்குமாம், முகம்கூடச் சரியாகத் தெரியாதாம். அது போதும், எனக்கு அது பழக்கம்தான்.

கட்டில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டாள்போல. அந்தத் தகடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. அவள் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.